எந்த வலது, யாருடைய வலது?

செவிலியர் பள்ளிகளில் 29 வருடம் உடற்கூறியல் நடத்திவிட்டு இப்போது மதுரையில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்று பெயர்தான். மாதாமாதம் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிடுகிறது. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் முதலாண்டு மாணவர்களுடையவை. உள்தேர்வு விடைத்தாள் கைக்கு வந்திருக்கும் போல. எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் உதை: உடம்பின் திசைகள், உடம்புக்குள் இருக்கும் குழிகள். நடுவில் இரண்டு வீட்டுக் கடிதங்களும் இருந்தன. அவையும் சுற்றி வளைத்து அதே பாடத்தில்தான் வந்து நிற்கின்றன என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஜி.என்.எம். முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. சுப்பீரியர், இன்ஃபீரியர், மீடியல், லேட்டரல் என்று இருபது வார்த்தையை மனப்பாடம் செய்தும் தேர்வில் மாற்றி மாற்றி எழுதிவிட்டேன். வார்டில் வலது இடதே குழம்புகிறது. எப்படி மனத்தில் நிறுத்துவது, மேடம்?
— மாணவி, திண்டுக்கல்

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். எழுந்து நில்லுங்கள். முகம் நேராக, பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில், கைகள் உடம்பை ஒட்டித் தொங்கட்டும். இப்போது உள்ளங்கைகளை முன்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். கோயில் சிலை போல இருக்கிறதா? சரி. இதுதான் உடற்கூறியல் நிலை. இனி எந்தத் திசையைச் சொன்னாலும் ஆள் இப்படி நிற்பதாகத்தான் கணக்கு. அவர் மல்லாந்து படுத்திருக்கலாம், குப்புறக் கிடக்கலாம், பைக்கிலிருந்து விழுந்து வாய்க்காலில் தலைகீழாகவும் கிடக்கலாம். தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர். மாறாது.

உள்ளங்கையை ஏன் திருப்பச் சொல்கிறார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. முன்கையில் இரண்டு எலும்பு உண்டு. உள்ளங்கை முன்னால் பார்க்கும்போது ரேடியஸும் அல்னாவும் ரயில் தண்டவாளம் போல இணையாக நிற்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் புரண்டு அல்னாவின் குறுக்கே சாய்ந்துவிடும். அப்புறம் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது விஷயம், திசைச் சொல் தனியாக நிற்காது. மதுரைக்காரர்களுக்குத் திண்டுக்கல் வடக்கே. திருச்சிக்காரர்களுக்கு அதே திண்டுக்கல் தென்மேற்கே. அதே மாதிரிதான் கண்ணும். உடம்பின் நடுக்கோட்டுக்குப் பக்கம் என்றால் மீடியல், தள்ளி என்றால் லேட்டரல். மூக்குக்குக் கண் லேட்டரல், காதுக்கு அதே கண் மீடியல். ‘எதற்கு எது?’ என்று கேட்காமல் விடை எழுதியதால்தான் உங்கள் மதிப்பெண் போயிருக்கும். ப்ராக்ஸிமல், டிஸ்டல் இரண்டும் பெரும்பாலும் கை கால்களுக்கு. உடம்போடு ஒட்டும் இடத்துக்குப் பக்கம் என்றால் ப்ராக்ஸிமல், தள்ளி என்றால் டிஸ்டல். முழங்கை மணிக்கட்டுக்கு ப்ராக்ஸிமல். அவ்வளவுதான்.

வலது இடது குழப்பத்துக்கு என் கதையைச் சொல்கிறேன். மாணவியாக இருந்தபோது ஆண்கள் அறுவைப் பிரிவில் ஒரு பெரியவர், கணுக்காலில் ஆறாத புண். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்து, ‘இடது கணுக்கால், மீடியல்’ என்று எக்ஸ்ரே சீட்டில் எழுதினேன். எனக்கு இடப்பக்கம் இருந்த கால் அது. அவருக்கு அது வலது. இடது காலைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள், எலும்பு பளிச்சென்று ஆரோக்கியமாக இருந்தது. எக்ஸ்ரே அறையிலேயே பெரியவர் “புண்ணு இந்தக் கால்ல இல்லய்யா” என்று சொல்லியிருக்கிறார். சீட்டில் எழுதியிருப்பதற்கு முன்னால் அவர் சொல் எடுபடவில்லை.

வார்டு சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்துக் காலிக் கட்டிலில், பெரியவரைப் போலவே தலை வைத்து, என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். வார்டே வேடிக்கை பார்க்க, விறைத்த வெள்ளைச் சீருடையோடு படுத்தேன். “இப்ப சொல்லு, புண்ணு எந்தக் கால்?” என்றார். அன்றைக்குப் பிறகு எனக்கு அந்தத் தவறு வந்ததில்லை. இப்போதும் யாருக்காவது எதிரே நின்றால் மனத்துக்குள் ஒருமுறை அவர் கட்டிலில் படுத்து எழுந்துவிடுவேன்.

இது மாணவிகளின் சின்னத் தவறு என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைப் பாதுகாப்புக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டபோது, மயக்க மருந்து கொடுக்கும் முன்பே ஆள் யார், எந்த இடம், என்ன அறுவை என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும், இடத்தில் குறி போட்டிருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். உலகம் முழுக்கப் பெரிய மருத்துவர்களே பக்கம் மாறிக் கத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

நோயாளியிடம் கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். ‘வலது கையைத் தூக்குங்க’ என்றால் நம் பெரியவர்களில் சிலர் தடுமாறுவார்கள். ‘சாப்பிடுற கை’ என்றால் உடனே தூக்குவார்கள். (இடது கைப் பழக்கக்காரர்களும் பெரும்பாலும் சாப்பிடுவது வலது கையில்தான், நம் பாட்டிமார்கள் விட்டால்தானே.)

மார்பு எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் சாய்ந்திருப்பது போலத் தெரிகிறது. படம் தப்பா, நான் தப்பா?
— லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவர், சேலம்

யாரும் தப்பில்லை. படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். உங்கள் வலப்பக்கம் தெரிவது அவருடைய இடப்பக்கம். சி.டி. படத்தில் இன்னொரு சங்கதி: படுத்திருப்பவரின் பாதத்துப் பக்கம் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக அந்தக் குறுக்குத் துண்டைக் காட்டுவார்கள். அதனால் கல்லீரல் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்.

ஃபிலிமைக் கையில் எடுத்ததும் ஓரத்தில் இருக்கும் ‘ஆர்’ அல்லது ‘எல்’ எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உறுப்புகள் எல்லாமே இடம் வலம் மாறிப் பிறப்பவர்கள் உண்டு, சுமார் 10,000 பேரில் ஒருவர். ஆனால் ஃபிலிமைத் திருப்பி மாட்டுகிறவர்கள் அதைவிட அதிகம்.

கைக் கட்டைவிரல் லேட்டரல், கால் பெருவிரல் மீடியல். இதென்ன நியாயம்?
— மாணவி, கடலூர்

கருவில் கையும் காலும் சின்ன மொட்டாக முளைக்கும்போது இரண்டு கட்டைவிரல்களும் தலையைப் பார்த்துத்தான் இருக்கின்றன. கரு இரண்டு மாதத்தை எட்டும் வேளையில் கை வெளிப்பக்கமாகத் திரும்புகிறது, கால் உள்பக்கமாகத் திரும்புகிறது. கைக் கட்டைவிரல் வெளியே போய், கால் பெருவிரல் உள்ளே வந்துவிடுகிறது. முழங்கை பின்னாலும் முழங்கால் முன்னாலும் பார்ப்பதற்கும் அதே திருப்பம்தான் காரணம்.

சாஜிட்டல், கரோனல், டிரான்ஸ்வர்ஸ் தளங்களைப் படம் போட்டு விளக்கினால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், தேர்வில் மாற்றி எழுதுகிறார்கள். டார்சல் என்றால் மீனுக்கு மேலே, மனிதருக்குப் பின்னால் என்பதும் குழப்புகிறது. கண்ணால் பார்க்கிற உதாரணம் உண்டா?
— நர்சிங் கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

தளங்களுக்கு நான் கல்யாணப் பெண்ணைத்தான் கூப்பிடுவேன். நேர் வகிடு எடுத்து நெற்றிச்சுட்டி வைக்கிறோமே, அந்த வகிட்டைக் கீழே வரை இழுத்தால் உடம்பு வலது இடதாகச் சரிபாதியாகும். அது நடு சாஜிட்டல். கோண வகிடு எடுத்தால் பாதியாகாது, ஆனாலும் சாஜிட்டல்தான். காதிலிருந்து காதுக்கு ஹேர்பேண்ட் போடும் கோடு கரோனல். முன், பின் என்று பிரிக்கும். கரோனா என்ற லத்தீன் சொல்லுக்கே கிரீடம் என்றுதான் பொருள். ஒட்டியாணம் டிரான்ஸ்வர்ஸ், மேல் கீழாகப் பிரிக்கும். வகிடு, ஹேர்பேண்ட், ஒட்டியாணம். இதை மறந்த மாணவியை நான் பார்த்ததில்லை. மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழிகளுக்கு வருவோம். நாகர்கோவில்காரர் என்பதால் தைரியமாக மீன் பக்கம் போகிறேன், சைவக்காரர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். சீலா மீனை, சென்னையில் வஞ்சிரம் என்பார்கள், வறுவலுக்குத் துண்டு போடுவது ஒட்டியாண வெட்டு. வயிற்றுப் பக்கத்துத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் முதுகெலும்பின் வட்டம். அதற்கு மேலே பொடி ஓட்டை ஒன்று, அதற்குள் வெள்ளை நூல் மாதிரி தண்டுவடம். எலும்புக்குக் கீழே பெரிய திறப்பு, இரண்டு பக்கமும் சதை இறங்கி வளைந்திருக்கும். குடலும் ஈரலும் இருந்த இடம். மேலே இருக்கும் பொடி ஓட்டை டார்சல் குழி, கீழே இருக்கும் பெரிய திறப்பு வென்ட்ரல் குழி. நமக்கும் இதே அமைப்புதான். மண்டையோட்டுக் குழியும் முதுகெலும்புக் குழாயும் தொடர்ந்து ஒரே டார்சல் குழி. முன்னால் மார்பு, வயிறு, இடுப்பு சேர்ந்து வென்ட்ரல் குழி. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நமக்கு உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு உண்டு, மீனுக்குக் கிடையாது. வயிற்றுக்கும் இடுப்புக் குழிக்கும் நடுவே நமக்கும் தடுப்பு இல்லை, பெயர்தான் இரண்டு.

இதைவிட அருமையான பாடம் மடவை மீனில் இருக்கிறது. மடவையின் வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்பாக ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அம்மா அதை உப்புப் போட்டு உரசி உரசி எடுப்பார், விட்டால் குழம்பு கசக்குமாம். அந்தக் கறுப்புச் சவ்வுதான் பெரிட்டோனியம். வயிற்றுக் குழியின் உள்சுவருக்குப் போட்ட உறை. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை மிச்சமிருக்கும். ரத்தம் உறைந்திருக்கிறது என்று நினைத்துக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவோம். அது ரத்தம் இல்லை, மீனின் சிறுநீரகம். சவ்வைக் கிழித்தால்தான் நகத்துக்கு எட்டும். ஏனென்றால் அது சவ்வுக்கு உள்ளே இல்லை, பின்னால் இருக்கிறது.

நம் சிறுநீரகங்களும் அப்படித்தான், பெரிட்டோனியத்துக்குப் பின்னால். புத்தகத்தில் ‘ரெட்ரோபெரிட்டோனியல்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கணையத்தின் பெரும்பகுதியும், மகாதமனியும் அதே வரிசை. சிறுநீரகத்தில் சதைத் துணுக்கு எடுக்க ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுப் பக்கம் ஊசி போடுவது ஏன் என்று கேட்டால், மடவை மீனைக் கழுவிய பிள்ளை உடனே சொல்லிவிடும். கல் வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகு வலி என்று வருவதும் அதனால்தான்.

டார்சல் குழப்பம்: டார்சல் என்றால் முதுகுப் பக்கம், எப்போதும். மீனின் முதுகு வானத்தைப் பார்க்கிறது, நம் முதுகு பின்னால் பார்க்கிறது. ஆன்டீரியர் என்றால் முன்பக்கம்: நாலு கால் மாட்டுக்கு அது தலைப்பக்கம், நமக்கு வயிற்றுப்பக்கம். நாம் எழுந்து நின்றதால் வந்த வினை. பாதத்தின் மேற்பரப்பையும் நாக்கின் மேற்பரப்பையும் டார்சம் என்பார்கள். அந்த இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று முதுகில் ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். நுரையீரலைக் குத்தித்தான் எடுப்பார்களா? அந்த ஓட்டை அடையுமா? டாக்டரிடம் கேட்கப் பயமாக இருந்தது.
— வாசகி, கரூர்

பயப்படாதீர்கள் அம்மா. நீர் இருந்தது நுரையீரலுக்குள் இல்லை, வெளியே. ஊசி போனதும் வெளியேதான். ‘நுரையீரலில் நீர்’ என்று நாங்களே சொல்லிச் சொல்லி இந்தப் பயத்தை உண்டாக்கிவிட்டோம்.

பிரிக்காத பால் பாக்கெட் ஒன்றை மேஜையில் வைத்து, முஷ்டியை மெதுவாக அதில் அழுத்துங்கள். பாக்கெட் முஷ்டியைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். முஷ்டியைத் தொடும் பிளாஸ்டிக் உள்ளுறை, மேலே தெரியும் பிளாஸ்டிக் வெளியுறை, நடுவில் பால். முஷ்டி பாக்கெட்டுக்குள் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நுரையீரலும் இப்படித்தான் புளூரா என்ற உறையால் போர்த்தப்பட்டிருக்கிறது. நடுவில் இருக்கும் இடத்துக்குத்தான் புளூரல் குழி என்று பெயர். குழி என்றதும் காலி இடம் என்று தோன்றும். காலி இல்லை. இரண்டு உறையும் ஒட்டிக் கிடக்கும், நடுவில் சில ஸ்பூன் ஈரம் மட்டும். ஈரத்தோடு அடுக்கி வைத்த இரண்டு எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாருங்கள்: ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், பிரிக்கத்தான் வராது. நாம் மூச்சு இழுக்கும்போது மார்புக்கூடு விரிய, அதோடு ஒட்டிய நுரையீரலும் விரிவது அந்த ஈரத்தின் தயவில்.

நோய் வந்தால் அந்த இடத்தில் நீர் ஊறி, லிட்டர் கணக்கில்கூடச் சேரும். நுரையீரல் அமுங்கி மூச்சு வாங்கும். உட்கார வைத்தால் நீர் அடியில் தங்கும். அதனால்தான் அப்பாவை உட்கார வைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளச் சொல்லி, முதுகுப் பக்கம் ஊசி போட்டிருப்பார்கள். ஊசியை விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் நுழைப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக் குழாயும் நரம்பும் ஒளிந்து ஓடுகின்றன. மாணவர்களே, சுப்பீரியர், இன்ஃபீரியர் என்ற வித்தியாசம் ஒரு விரற்கடையில் உயிர்ப் பிரச்சினை ஆகும் இடம் இது.

ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள். அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் வேறு தொல்லை வரும். எடுக்கும்போது அப்பா இருமியிருந்தால் அது நுரையீரல் விரிகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். ஊசித் துளை தானாக மூடிவிடும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஓட்டையைப் பற்றி அல்ல, எடுத்த நீரைச் சோதித்ததில் என்ன வந்தது என்று. நம் நாட்டில் காசநோய் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மருந்தை முழுக்காலமும் சாப்பிட்டால் குணமாகிற நோய். இதய, சிறுநீரகக் கோளாறுகளிலும் சேரும், புற்றிலும் சேரும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

மாணவர்களுக்கு இன்னும் ஒரு வரி. வலது புளூரல் குழியும் இடது புளூரல் குழியும் தனித்தனி. ஒரு பக்கம் நீரோ காற்றோ புகுந்து நுரையீரல் சுருங்கினாலும் மறுபக்கம் வேலை செய்வது அதனால்தான். இரண்டுக்கும் நடுவே மீடியாஸ்டைனம். இதயம் பெரிகார்டியம் என்ற தன் உறையோடு அங்கே இருக்கிறது, மூச்சுக்குழாயும் அதற்குப் பின்னால் உணவுக்குழாயும் அங்கேதான்.

வயிற்று வலி என்று வருகிறவர்களிடம் இடம் கேட்டால் மொத்தமாகத் தடவிக் காட்டுகிறார்கள். நான்கு பகுதி, ஒன்பது பகுதி இரண்டில் எதை எழுதுவது?
— ஏ.என்.எம். மாணவி, சிவகங்கை

‘ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க’ என்று சொல்லுங்கள். ஒரு விரலால் காட்ட முடிகிறதா, முழுக் கையால்தான் தடவ முடிகிறதா என்பதே ஒரு செய்தி, அதையும் எழுதுங்கள்.

தொப்புளில் ஒரு கூட்டல் குறி போட்டால் நான்கு பகுதி. அவசரத்துக்கு அது போதும். ஒன்பது பகுதிக்கு இரண்டு நெடுங்கோடு, இரண்டு குறுக்குக்கோடு. பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். நோயாளிகள் ஏற்கெனவே தமிழில் பிரித்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சுக்குழி என்கிறார்களே, அதுதான் எபிகாஸ்ட்ரியம். தொப்புளைச் சுற்றி என்றால் அம்பிலிக்கல். அடிவயிறு ஹைப்போகாஸ்ட்ரியம். இப்படி ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போகலாம்.

தமிழில் கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. ‘வயிறு’ என்றால் இரைப்பையும்தான், மொத்த வயிறும்தான். இரைப்பை இருப்பது தொப்புளில் அல்ல, இடப்பக்கம் விலா எலும்புகளின் மறைவில். ‘கை’ என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. ‘கையில் அடி’ என்று மட்டும் எழுதிய குறிப்பை நான் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன்.

இடம் நகரும் வலிக்கு ஓர் உதாரணம், குடல்வால் வீக்கம். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். சில மணி நேரம் கழித்து வலப்பக்க அடிவயிற்றில் சுள்ளென்று வந்து நிலைக்கும். புளூராவைப் போலவே பெரிட்டோனியத்துக்கும் உள்ளுறை, வெளியுறை உண்டு. ஆரம்பத்தில் வலிப்பது குடல்வாலும் அதன்மேல் ஒட்டிய உள்ளுறையும். உறுப்பின் நரம்புகளுக்குச் சரியாக முகவரி சொல்லத் தெரியாது. வீக்கம் பெருகி எதிரே இருக்கும் வெளியுறையைத் தொட்டதும்தான் இடம் துல்லியமாகிறது, அந்த உறைக்கு வயிற்றுச் சுவரின் நரம்பு வருகிறது. நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-ல் குறித்த புள்ளி அங்கேதான்: இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குக் கோடு போட்டால் மூன்றில் ஒரு பங்கு தூரம். நேற்று தொப்புள், இன்று வலது அடிவயிறு என்று யாராவது சொன்னால் சூட்டு வலி என்று மோர் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. விலாவுக்குள் இருப்பதெல்லாம் நெஞ்சு என்று நினைக்க வேண்டாம். உதரவிதானம் தட்டையான தரை இல்லை, கவிழ்த்த சட்டி. முழுக்க மூச்சு விட்டால் வலப்பக்கம் கிட்டத்தட்ட மார்க்காம்பு மட்டம் வரை ஏறிவிடும். பைக்கிலிருந்து விழுந்தவருக்கு இடது கீழ் விலாவில் அடி என்றால் உள்ளே மண்ணீரல் இருக்கிறது. ‘விலாவில்தானே அடி, வயிற்றில் இல்லையே’ என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இந்தக் கிரேக்க, லத்தீன் சொற்களுக்குப் பதில் தமிழில் உடற்கூறியல் படித்தவர்களே கிடையாதா?
— தமிழாசிரியர், ஈரோடு

இருந்தார்கள், யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் அங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர் பிறகு தமிழுக்கே மாறிவிட்டார். மாணவர்களோடு சேர்ந்து மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர்கள் அனாட்டமிக்கு வைத்த பெயர் அங்காதிபாதம். ஃபிசியாலஜி சுகரணம், அறுவை இரண வைத்தியம், கெமிஸ்ட்ரி கெமிஸ்தம். 1873-ல் ஊர் திரும்பினார், 1884-ல் இறந்தார்.

அங்காதிபாதம் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். தமிழாசிரியருக்குப் பாதாதிகேசம், கேசாதிபாதம் தெரியாமல் இருக்காது. தெய்வத்தைப் பாதத்திலிருந்து தலை வரை பாடுவது, மனிதரைத் தலையிலிருந்து பாதம் வரை பாடுவது என்ற மரபு. செவிலியர் நோயாளியைத் தலை முதல் கால் வரை வரிசையாகப் பரிசோதிப்பதற்கு வகுப்பில் நான் கேசாதிபாதம் என்றே சொல்வேன். ஆனால் நோயாளிக் குறிப்பில் ஆங்கிலச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்பேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசியில் கேட்கும் மருத்துவர் கேரளத்துக்காரராகவோ வடநாட்டவராகவோ இருக்கலாம். புரிந்துகொள்வது தமிழில், எழுதுவது எல்லோருக்கும் புரிகிற சொல்லில். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது பிரசவம் சிசேரியன். முதுகில் போட்ட ஊசியால் காலம் முழுக்க முதுகு வலி இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அது தண்டுவடத்தில் படாதா? எனக்கு இப்போதே வலிக்கிறது.
— வாசகி, விருதுநகர்

எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள், சண்டைக்கு நிற்பது போல. கட்டைவிரல்கள் பின்னால் போகட்டும். அவற்றை நேராக நீட்டினால் முதுகின் நடுவில் சந்திக்கும் மட்டம் ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. ஊசி போட்டது அந்த எலும்புக்குச் சற்று மேலேயோ கீழேயோ உள்ள இடைவெளியில். தண்டுவடமோ பெரியவர்களுக்கு முதல், இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்பிழைகள் நீரில் மிதக்கின்றன. ஊசி மெல்லியது, இழைகள் பெரும்பாலும் விலகிக் கொடுத்துவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மொத்தம் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது, அதில்தான் மருந்தைக் கலக்கிறார்கள்.

குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். உட்கார்ந்தால் மண்டை பிளப்பதும் படுத்தால் குறைவதுமாகத் தலைவலி வந்தால் அது ஊசியால் வருவது, உடனே சொல்லுங்கள், வைத்தியம் உண்டு. கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ தாமதிக்காமல் போங்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சாதாரணப் பிரசவம் ஆனவர்களுக்கும் அதே வலி வருகிறதே. பத்து மாதம் முன்னால் சுமந்த பாரம், தளர்ந்த மூட்டுப் பிணைப்புகள், பிறகு குனிந்து குனிந்து பால் கொடுப்பது. பிள்ளையை மடியில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று.

அக்கம்பக்கத்தாரிடம், ஊசி போட்ட இடத்தில் தண்டுவடமே கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். நம்பாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் ஒருமுறை இடுப்பில் கை வைத்து நின்று பார்க்கட்டும்.